முன்னறிவிப்பு எப்போது அறிவியலானது: சமன்பாடு வந்தபோதா, தந்தி வந்தபோதா?

கார்முகில்:

வானிலையியல் வரலாறு என்று பேச்செடுத்தால் எல்லோரும் 1643-இல் டோரிசெல்லியின் பாதரசக் குழாயில் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் 1802-இல் மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட், காற்றின் வேகத்துக்கு அளவுகோல் போட்ட போஃபோர்ட் என்று வரிசையாக நடந்து வருவார்கள். எனக்கு இந்த வரிசை மேல் பெரிய மரியாதை இல்லை. அவர்கள் அளந்தார்கள், பெயரிட்டார்கள், வகை பிரித்தார்கள். நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்று யாராவது எழுதிக் காட்டிய நாளிலிருந்துதான் நவீன வானிலையியல் என்பேன்.

அந்த வருடம் 1904. நார்வேக்காரர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் ஒரு சிறிய கட்டுரையில் இரண்டே நிபந்தனை வைத்தார். இந்த நிமிடம் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்பது போதிய துல்லியத்தோடு தெரிய வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு அது எப்படி மாறும் என்ற விதிகளும் தெரிய வேண்டும். காற்றின் மூன்று திசைக்கூறுகள், அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை, ஈரப்பதம் ஆக ஏழு மாறிகள். ஏழுக்கும் இயற்பியலில் சமன்பாடு இருக்கிறது. தீர்த்தால் நாளைய வானிலை.

இங்கிலாந்தின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் அதைக் கையாலேயே தீர்த்துப் பார்த்து 1922-இல் புத்தகமாகவும் போட்டார். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அனுபவ ஊகம். மறுப்பவர்கள் வரலாம்.

பழைய தந்தி:

வந்துவிட்டேன்.

பியெர்க்னெஸின் முதல் நிபந்தனையையே எடுத்துக்கொள்வோம். "இந்த நிமிடம் வளிமண்டலம் எப்படி இருக்கிறது" என்பது எப்படித் தெரியும்? குதிரையில் வரும் கடிதத்தை வைத்தா? புயல் கடிதத்தை விட வேகமாகப் போகும். காற்றழுத்தமானி வந்து ஏறத்தாழ 200 வருடம் ஆன பிறகும் முன்னறிவிப்பு என்ற ஒன்றே இல்லாமல் போனதற்குக் காரணம் சமன்பாடு இல்லாதது அல்ல. பக்கத்து நாட்டில் இன்று காலை என்ன அழுத்தம் என்று இன்று மாலைக்குள் தெரிந்துகொள்ள வழியில்லை, அவ்வளவுதான்.

1854 நவம்பர் 14. கிரிமியப் போர். கருங்கடலில் பாலக்லாவாவுக்கு அருகே அடித்த புயலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஹென்றி நான்காமன் உட்படப் பல கப்பல்கள் போயின. பிரெஞ்சு அரசு லெ வெரியேவிடம் விசாரிக்கச் சொன்னது. ஆம், நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்ன அதே லெ வெரியே. அவர் ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதி, நவம்பர் 12 முதல் 16 வரைக்கும் உங்கள் ஊரில் எடுத்த குறிப்புகளை அனுப்புங்கள் என்று கேட்டார். 250-க்கும் மேல் பதில் வந்தது. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் புயல் ஐரோப்பாவைக் கடந்து கருங்கடல் போய்ச் சேர்ந்த பாதை தெரிகிறது. தந்தி மூலம் முன்கூட்டியே செய்தி போயிருந்தால் கப்பல்கள் தப்பியிருக்கலாம். 1855 பிப்ரவரியிலேயே வலையமைப்புக்கு மூன்றாம் நெப்போலியன் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

கணக்கில் அவ்வளவு பெரிய ஆள் சமன்பாட்டைத் தேடிப் போகவில்லை, தந்திக் கம்பியைத்தான் கேட்டார். இதை யோசியுங்கள் கார்முகில்.

மழைக்கிறுக்கன்:

இங்கிலாந்தில் ஃபிட்ஸ்ராய் என்று ஒருவர் இருந்தாரே, டார்வின் போன கப்பலின் கேப்டன்? அவர்தான் முதல் முன்னறிவிப்பு கொடுத்தவர் என்று எங்கோ படித்தேன். ஆனால் கேலி செய்தே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தது. உண்மையா?

பழைய தந்தி:

பாதி உண்மை.

பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான். 1854-இல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்தில் புதிதாகத் திறந்த சின்ன வானிலைத் துறைக்குத் தலைவரானார். வேலை என்ன தெரியுமா? கப்பல்களிடமிருந்து கடல் காற்றுக் குறிப்புகளைச் சேகரித்துப் புள்ளிவிவரம் போடுவது. முன்னறிவிப்பு அந்த வேலைப் பட்டியலிலேயே இல்லை.

1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸை ஒட்டிய ஆங்கில்சி தீவின் கரையோரப் பாறையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். கரைக்கு அவ்வளவு பக்கத்தில் உடைந்தும், அங்கே நின்றவர்களால் பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் புயல் தெற்கிலிருந்து ஏறி வந்ததை ஃபிட்ஸ்ராய் பின்னர் வரைபடம் போட்டுக் காட்டினார். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. லண்டனுக்குக் காலையில் தந்திகள் வரும், அவர் பார்ப்பார், ஆபத்து என்றால் திருப்பித் தந்தி போகும், துறைமுகக் கம்பத்தில் கூம்பையும் உருளையையும் ஏற்றுவார்கள். கூம்பு மேல் நோக்கியிருந்தால் வடக்குப் பக்கத்துப் பலத்த காற்று, தலைகீழாக இருந்தால் தெற்குப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாத மீனவருக்கும் புரியும். அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி டைம்ஸ் நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பு வெளியானது.

தவறின. ஏன் தவறாது? மேற்கே அட்லாண்டிக், அங்கே ஒரு நிலையம் கிடையாது. பத்திரிகைகள் கிண்டல் செய்தன, அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். 1865 ஏப்ரல் 30-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வு, கடன், காது கேளாமை எல்லாம் சேர்ந்திருந்தது. கேலியால் மட்டும் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும், ஆனால் அப்படி ஒற்றைக் காரணம் காட்ட முடியாது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பிரான்சிஸ் கால்டன் இருந்த குழு ஒன்று, இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 1866-இல் முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் இரண்டுமே நின்றன. கடலோடிகள் போட்ட சத்தத்தில் 1867-இல் எச்சரிக்கை மட்டும் திரும்பியது. தினசரி முன்னறிவிப்பு மீண்டும் வர 1879 ஆனது. "அடிப்படை இல்லை" என்று அறிஞர்கள் சொன்னதை உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போனவர்கள் கேட்டு வாங்கினார்கள். 2002-இல் பிரிட்டிஷ் கடல் முன்னறிவிப்புப் பகுதி ஒன்றுக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தார்கள். 137 வருடம் தாமதம்.

கார்முகில்:

கதை அருமை. ஆனால் என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஃபிட்ஸ்ராயின் முன்னறிவிப்பு சரியாகப் போனாலும் ஏன் சரி என்று அவரால் சொல்ல முடியாது, தவறினாலும் ஏன் தவறு என்று சொல்ல முடியாது. கால்டன் குழு முரட்டுத்தனமாக நடந்துகொண்டது, ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

ரிச்சர்ட்சனைப் பாருங்கள். குவேக்கர் சமயத்தவர், ஆயுதம் எடுக்க மாட்டார். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு நடுவே, குளிரடிக்கும் தங்குமிடத்தில் வைக்கோல் குவியலை மேசையாக்கிக் கணக்குப் போட்டார். 1910 மே 20 காலை 7 மணிக்கு மத்திய ஐரோப்பாவில் எடுத்த அளவீடுகள் கையில் இருந்தன. அதை வைத்து ஆறு மணி நேரத்தில் இரண்டே இடங்களில் என்ன மாற்றம் வரும் என்று கணக்கிட அவருக்கு ஏறத்தாழ ஆறு வாரம் பிடித்தது. நடுவில் 1917-இல் ஷாம்பாய்ன் சண்டையின்போது கையெழுத்துப்படி தொலைந்து, சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

விடை? ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை. கடும் புயலின் மையத்துக்கும் தெளிவான வானத்துக்கும் இடையில்கூட அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

ஆனால் அவர் மறைக்கவில்லை. தவறான விடையை அப்படியே அச்சிட்டு, காற்றின் ஆரம்ப அளவீடுகளில்தான் கோளாறு என்று காரணத்தையும் எழுதினார். 64,000 பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, சுவரில் தீட்டிய உலக வரைபடத்தில் ஆளுக்கொரு பகுதியைக் கணக்கிடுவதாகவும், நடுவில் உயரமான தூணில் ஒருவர் நின்று, முந்தி ஓடுகிறவர்கள் மேல் இளஞ்சிவப்பு வெளிச்சமும் பின்தங்குகிறவர்கள் மேல் நீல வெளிச்சமும் பாய்ச்சுவதாகவும் ஒரு கற்பனை எழுதியிருக்கிறார். இன்றைய மீக்கணினியில் ஆயிரக்கணக்கான செயலிகள் வேலையைப் பங்கு போடுவது கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். ஏன் தவறியது என்று தேட முடிந்த முதல் முன்னறிவிப்பு ரிச்சர்ட்சனுடையது. அதனால்தான் அதை முதல் அறிவியல் முன்னறிவிப்பு என்கிறேன்.

அணிக்கோவை:

இந்த 145 பற்றி இணையத்தில் பாதி இடங்களில் தவறான விளக்கம் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பலர் சொல்வது: நேர இடைவெளியைப் பெரிதாக எடுத்துவிட்டார், 1928-இல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் கண்டுபிடித்த, அந்த இடைவெளிக்கு மேல்வரம்பு போடும் நிபந்தனை அவருக்குத் தெரியாது, அதனால் கணக்கு வெடித்தது. தெரியாது என்பது சரி. ஆனால் அவர் எடுத்து வைத்தது நேரத்தில் ஒரே ஒரு எட்டு, அதாவது ஒரே ஒரு காலடி. அந்த நிபந்தனையை மீறினால் பிழை எட்டு மேல் எட்டாகத்தான் பெருகும். முதல் எட்டிலேயே 145 வர அது காரணம் ஆகாது.

உண்மைக் காரணம் வேறு. ஓர் இடத்தின் தரையழுத்தம் மாற வேண்டுமானால் அதற்கு மேல் நிற்கும் காற்றுத் தூணுக்குள் காற்று நிகரமாக உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டும். ஒரு மட்டத்தில் ஏராளமாக உள்ளே வரும், இன்னொரு மட்டத்தில் ஏராளமாக வெளியே போகும், மிச்சம் மிகச் சொற்பம். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைக் கண்டுபிடிப்பது. காற்றின் வேகத்தில் சின்னப் பிழை இருந்தாலே கழித்து வரும் விடை தலைகீழாகிவிடும். இந்த வழியில் அழுத்தத்தைக் கணிக்க முடியாது என்று ஆஸ்திரியாவின் மாக்ஸ் மார்குலெஸ் 1904-லேயே எச்சரித்திருந்தார்.

காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று ஏறத்தாழ சமநிலையில் இருக்கும். அளவீட்டுப் பிழையால் அந்தச் சமநிலை தாளில் குலைந்தால், சமன்பாடு அதை வேகமாக ஓடும் ஈர்ப்பு அலைகளாக (காற்று மேலும் கீழும் தளும்பும் அலைகள்) எடுத்துக்கொள்ளும். தூக்கிக்கொண்டு நடக்கும் குடத்தில் தண்ணீர் தளும்புவதைப் பார்த்துக் கிணற்றின் நீர்மட்டம் ஏறுகிறது என்று சொன்னது போல ஆகிவிட்டது. அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் பின்னாளில் அதே தரவை எடுத்து, தளும்பலை மட்டும் வடிகட்டிவிட்டு, ரிச்சர்ட்சனின் முறையிலேயே கணக்குப் போட்டார். மாற்றம் ஒரு மில்லிபாருக்கும் குறைவாக வந்தது. அன்று நடந்ததும் ஏறக்குறைய அதுதானே.

ஆகவே சமன்பாடு சரி. சமன்பாட்டுக்குள் தரவை எப்படி நுழைப்பது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கார்முகில், பழைய தந்தி இருவரும் இதைத் தொடாமலே சண்டை போடுகிறீர்கள்.

பலூன்காரி:

நான் பல வருடம் பலூன் விட்டவள், அதனால் எனக்கும் ஒரு கட்சி உண்டு. எல்லோரும் தரையிலேயே நிற்கிறீர்கள். தந்தி கொண்டுவந்தது தரை அளவீடு. வானிலை தயாராவது மேலே.

1890-களின் பிற்பகுதியில் பிரான்சில் தெஸ்ராங் த போர் தன் சொந்தப் பணத்தில் த்ராப் என்ற இடத்தில் ஆய்வுக்கூடம் வைத்து ஆளில்லாப் பலூன்களை அனுப்பினார். மேலே போகப் போகக் குளிரும் என்பது தெரிந்த சங்கதி. சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர்வது நின்றுவிடுகிறது என்று கருவி காட்டியது. அவர் முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார், வெயில் பட்டுச் சூடாகியிருக்கும் என்று. இரவிலும் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதே. 236 பலூன்களின் பதிவுகளோடு 1902-இல் அறிவித்தார். நாம் இன்று அடுக்குமண்டலம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது அது. பெர்லினில் ரிச்சர்ட் ஆஸ்மன் ரப்பர் பலூன் விட்டு அதே சமயத்தில் அதே முடிவுக்கு வந்தார்.

ஒரு சிக்கல்: பலூன் எங்கோ விழும், யாராவது கண்டெடுத்துக் கருவியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அளவீடு. அன்றைய முன்னறிவிப்புக்கு அது உதவாது. 1929-இல் பிரான்சில் ரோபேர் பூரோ, 1930 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தில் பாவெல் மோல்சானோவ், அடுத்து பின்லாந்தில் வில்ஹோ வைசாலா என்று வரிசையாக வானொலியில் அளவீட்டை அனுப்பும் கருவி செய்தார்கள். ரேடியோசோண்ட். என்னைக் கேட்டால் நவீன வானிலையியல் பிறந்தது அப்போது.

உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒரே நேரத்தில் பலூன் மேலே போகும், சர்வதேச நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும். அந்த மணிக்கு அளவீடு வேண்டும் என்றால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டாக வேண்டும். நான் சேர்ந்தபோது மின்கலத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் உயிர் வரும். ஈரப்பத உணரியில் விரல் படக் கூடாது. ஹைட்ரஜன் நிரப்பும்போது பலூனின் கழுத்தில் எடை தொங்கவிட்டு, அதைத் தூக்கும் அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். காற்று பலமாக அடித்தால் பலூனைப் பிடித்துக்கொண்டு கருவி தரையில் மோதாமல் கூடவே ஓட வேண்டும், இரவில் என்றால் எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல். நிமிடத்துக்கு 300 மீட்டர் வேகத்தில் ஏறி 30 கிலோமீட்டர் சுமாருக்கு மேலே, ஒரு அறையளவுக்கு உப்பி வெடிக்கும். திரையில் அழுத்தக் கோடு நின்று திரும்பும்போது அப்பாடா என்றிருக்கும். பாதியில் வெடித்தால் இன்னொன்று நிரப்பு.

ரிச்சர்ட்சனுக்கு மேல்மட்டக் காற்று பற்றி இருந்தது விரல் விட்டு எண்ணும் அளவுக்கான பலூன் ஏற்றங்கள். அதை வைத்து அவர் என்ன செய்வார் பாவம்.

மழைக்கிறுக்கன்:

அக்கா, ஜெட் காற்றோட்டத்தைக் கண்டுபிடித்த ஜப்பானியர் அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் எழுதியதால் யாருக்கும் தெரியவில்லை என்கிறார்களே, கட்டுக்கதையா?

பலூன்காரி:

கட்டுக்கதை இல்லை. ஓயிஷி வசாபுரோ, டடேனோ மேல்வளி ஆய்வகத்தின் தலைவர். 1920-களில் சிறிய பைலட் பலூன்களைத் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கியில் தொடர்ந்து பார்த்து, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மிகப் பலமான மேற்குக் காற்று ஓடுவதைக் கண்டார். 1926-இல் வெளியிட்ட அறிக்கை எஸ்பெராண்டோவில். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்ற ஆசை! அவர் ஜப்பான் எஸ்பெராண்டோ நிறுவனத்துக்கும் தலைவர்.

மற்ற நாடுகள் கவனிக்கவில்லை. 1944-இல் ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் எதிர்காற்றில் கிட்டத்தட்ட நின்றுவிடுவதும், பின்காற்றில் இலக்கைத் தாண்டிப் பறப்பதுமாகத் திண்டாடின. ஜப்பானோ அதே காற்றை நம்பி, வெடி கட்டிய சுமார் 9,000 பலூன்களைப் பசிபிக் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. பெரும்பாலானவை வீணாயின, ஆனால் ஆரிகனில் ஆறு பேர் இறந்தார்கள். மொழி மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 1920-களில் அந்த உயரத்தில் பறக்கிறவர்கள் இல்லை, ஆகவே அது தேவைப்பட்டவர்களும் இல்லை.

பழைய தந்தி:

போர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கார்முகிலின் பியெர்க்னெஸ் 1917-இல் ஜெர்மனியிலிருந்து நார்வேக்குத் திரும்பிப் பெர்கன் நகருக்குப் போனபோது என்ன செய்தார்? போர் காரணமாக வெளிநாட்டு வானிலைத் தந்திகள் நின்றுவிட்டன. உடனே நார்வேயின் மேற்குக் கரை நெடுக அளவீடு எடுக்கும் இடங்களை மளமளவென்று கூட்டினார். அந்த அடர்த்தியான வரைபடத்தில்தான் அவர் மகன் யாக்கோப், சோல்பெர்க், பெர்கெரோன் ஆகிய இளைஞர்கள் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லைகளைப் பார்த்தார்கள். ஏழு சமன்பாடு எழுதியவரே வேலை என்று வந்ததும் பென்சிலோடு வரைபடத்தின் முன் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு 30 வருடம் உலகம் முழுவதும் பெர்கன் முறைதான்.

1944 ஜூன் நார்மண்டித் தரையிறக்கமும் அப்படித்தான். அயர்லாந்தின் மேற்கு முனையில் பிளாக்சாட் நிலையத்திலிருந்து மோரீன் ஸ்வீனி அனுப்பிய அழுத்த வீழ்ச்சியை, சரிதானா என்று திருப்பித் திருப்பிக் கேட்டு உறுதி செய்தார்கள். ஜூன் 5 என்று இருந்தது 6 ஆனது. எந்தச் சமன்பாட்டையும் யாரும் தீர்க்கவில்லை.

அணிக்கோவை:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த 30 வருடத்தில் முன்னறிவிப்பின் தரம் பெரிதாக ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏறியது 1950-க்குப் பிறகு.

அமெரிக்க வானிலையாளர் ஜூல் சார்னி 1948-இல் செய்தது எளிமையான தந்திரம். தளும்பல் தொல்லை தருகிறதா? தளும்பவே முடியாத சமன்பாட்டை எழுதிவிடு. பெரிய அலைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஈர்ப்பு அலைகளை ஆரம்பத்திலேயே வடிகட்டினார். ஜான் ஃபான் நியூமன் எனியாக் கணினியை ஏற்பாடு செய்தார். 1950 மார்ச்சில் அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் தளத்தில் 33 நாள் இரவு பகலாக ஓடியது. சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள். நினைவகம் மிகச் சிறியது என்பதால் ஒவ்வொரு எட்டுக்கும் இடைவிடைகளைத் துளை அட்டையில் எடுத்து, வேறு இயந்திரத்தில் அடுக்கி, மறுபடி உள்ளே போட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் அட்டை. 24 மணி நேர முன்னறிவிப்புக்கு 24 மணி நேரம் ஆனது. அதில் பெரும்பகுதி மனிதர்கள் அட்டை சுமந்த நேரம்.

லிஞ்ச் 2008-இல் இதே கணக்கை நோக்கியா 6300 கைப்பேசியில் போட்டுப் பார்த்தார். ஒரு வினாடிக்கும் குறைவு.

தினசரி வேலைக்கு இதை முதலில் கொண்டுவந்தது அமெரிக்கா என்று நினைப்பார்கள். இல்லை, சுவீடன். சுவீடன்காரரான வானிலையாளர் ரோஸ்பி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1954-இல் பெஸ்க் கணினியில் தொடங்கினார். அமெரிக்கா அடுத்த வருடம்.

மழைக்கிறுக்கன்:

இவ்வளவும் வந்த பிறகும் ஏன் இன்னும் தவறுகிறது என்று கேட்டால் உடனே வண்ணத்துப்பூச்சியைக் கூப்பிடுவீர்கள், தெரியும்.

அணிக்கோவை:

பூச்சி வேண்டாம். எட்வர்டு லோரன்ஸ் 1961-இல் தன் கணினி வானிலை மாதிரியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாகத் தாளில் அச்சாகியிருந்த 0.506-ஐத் தட்டச்சு செய்தார், விடை கொஞ்ச நேரத்தில் முற்றிலும் வேறு பாதையில் போனது. ஆரம்ப நிலையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வானிலையைச் சொல்ல முடியாது என்ற எல்லை அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சியில் வந்தது. அதனால்தான் 1992 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையமும் அமெரிக்க மையமும் ஒரே முன்னறிவிப்பை லேசாக மாற்றிய பல ஆரம்ப நிலைகளிலிருந்து ஓட்டுகின்றன. நீங்கள் பார்க்கும் "70 சதவீதம் மழை வாய்ப்பு" அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து வருவது. தவறுகிறது என்கிறீர்கள், ஆனால் பத்து வருடத்துக்கு ஒரு நாள் வீதம் முன்னேறியிருக்கிறது. இன்றைய ஐந்து நாள் முன்னறிவிப்பு பத்து வருடத்துக்கு முந்தைய நாலு நாள் முன்னறிவிப்புக்குச் சமம்.

வெண்மேகம்:

தாமதமாக வருகிறேன். யாரும் தொடாத ஒரு கேள்வி. 2023-இல் பாங்கு-வெதர், கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பு மாதிரிகள் இரண்டும் வந்தன. இவற்றுக்கு ஒரு சமன்பாடும் தெரியாது. சுமார் 40 வருடப் பழைய வானிலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தருகின்றன. பல அளவுகோல்களில் ஐரோப்பிய மையத்தின் இயற்பியல் மாதிரியையே முந்தின. 2025 பிப்ரவரியில் அந்த மையமே தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடச் சேவையில் சேர்த்துவிட்டது.

ரிச்சர்ட்சன் தன் முன்னுரையில் எதிர்த்தது இதையேதான். இன்றைய வரைபடத்தைப் போன்ற பழைய வரைபடத்தைத் தேடிப்பிடித்து, அன்று நடந்ததே இன்றும் நடக்கும் என்று சொல்வது அக்கால வழக்கம். வானியல் பஞ்சாங்கம் அப்படியா கணிக்கப்படுகிறது, ஒருமுறை இருந்த கோள் நிலை மறுபடி வருவதே இல்லையே என்று கேட்டார். நூறு வருடம் கழித்துப் பழைய வழி ஜெயித்துவிட்டதா?

கில்பர்ட் வாக்கரையும் நினைத்துப் பாருங்கள். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராகப் போன கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல இயற்பியல் போதாது என்று, உலகெங்கும் உள்ள அழுத்த, மழைப் பதிவுகளைக் குமாஸ்தாக்களை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்கிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் என்ற தென் அலைவு அப்படிக் கிடைத்தது. காரணம் சொல்ல முடியவில்லை, விமர்சித்தார்கள். 1969-இல் யாக்கோப் பியெர்க்னெஸ் எல் நினோவோடு அதை இணைத்துக் காரணம் சொன்னார். புள்ளிவிவரம் முந்தியது, இயற்பியல் பல பத்தாண்டு பிந்தியது.

கார்முகில்:

வாக்கர் கண்டுபிடித்த அலைவு நிலைத்தது, சரி. அவர் எதற்காக அந்தக் கணக்கில் இறங்கினாரோ அந்தப் பருவமழைக் கணிப்பு? அவருடைய தொடர்புகள் பலவும் காலப்போக்கில் பலமிழந்தன. ஏன் பிடிக்கிறது என்று தெரியாத சூத்திரம் எப்போது கைவிடும் என்றும் தெரியாது. அதே பயம் எனக்கு இந்தப் புது மாதிரிகள் மேலும் இருக்கிறது. சராசரிப் பிழையைக் குறைக்கப் பழக்கியவை நாள் போகப் போக மங்கலான, மழுங்கிய விடை தருகின்றன. உச்சக்காற்றைக் குறைத்துச் சொல்கின்றன. இதுவரை பழகாத வெப்பம் வந்தால் அவை என்ன செய்யும்?

பலூன்காரி:

வெண்மேகம் விட்டுவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. அந்த 40 வருடப் "பழைய வானிலை" எங்கிருந்து வந்தது? நேரடி அளவீடு இல்லை. இரா-5 என்ற மறுபகுப்பாய்வு. பலூன், கப்பல், விமானம், செயற்கைக்கோள் அளவீடுகள் எல்லாவற்றையும் இயற்பியல் மாதிரியில் ஊட்டி, இடைவெளிகளை அதன் சமன்பாடுகளால் நிரப்பி, மணிக்கு மணி உலகம் முழுக்கத் தயாரித்த வரைபடங்கள். நாங்கள் இரவில் விட்ட பலூன்களும் ரிச்சர்ட்சனின் சமன்பாடுகளும் அதற்குள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நாளும் ஓட ஆரம்பிக்க அந்தப் புது மாதிரிகளுக்குத் தேவைப்படும் தொடக்க நிலையும் அதே வழியில்தான் வருகிறது.

பழைய தந்திக்கும் ஒன்று. அளவீடு மட்டும் போதும் என்றால் 1960 ஏப்ரல் 1-இல் டைரோஸ்-1 செயற்கைக்கோள் போன கையோடு முன்னறிவிப்பு எகிறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கடல் சூழ்ந்த தென் அரைக்கோளத்துக்குச் செயற்கைக்கோள்தான் கதி, ஆனால் அங்கே முன்னறிவிப்பு வடக்கை எட்டிப் பிடிக்க 40 வருடம் ஆனது. செயற்கைக்கோள் உணரும் கதிர்வீச்சை வெப்பநிலையாக மாற்றாமல் அப்படியே மாதிரிக்குள் நுழைக்கும் கணிதம் 1990-களில்தான் கைகூடியது. அணிக்கோவை ஆரம்பத்தில் சொன்னதும் இதுதான்.

ஓசோன் ஓட்டை கதையும் இந்த வகைதான். செயற்கைக்கோள் தரவை நாசா தூக்கியெறிந்துவிட்டது என்று பரப்புகிறார்கள். எறியவில்லை, நம்ப முடியாத அளவு குறைந்த மதிப்புகளுக்குச் சந்தேகக் குறி போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியை விடாமல் இயக்கிவந்த பிரிட்டிஷ் குழுவிலிருந்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் கட்டுரை போட்டுவிட்டார்கள். அங்கே முந்தியது தரைக் கருவி. செலவு மிச்சம் என்று நிலையங்களை மூடும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

வெண்மேகம்:

இரா-5 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் அக்கா. ஆனால் மறுபகுப்பாய்வைத் தவிர்த்து அளவீட்டிலிருந்தே நேராகக் கற்கும் மாதிரிகளையும் இப்போது சோதிக்கிறார்கள். அது நிலைத்தால் கார்முகிலின் 1904-க்கு மறுபடி வழக்கு வரும்.

அணிக்கோவை:

வரட்டும். ஒப்பிடும் முறை ஏற்கெனவே இருக்கிறது. எனியாக் முன்னறிவிப்புகள் அச்சான கட்டுரையைச் சார்னி ரிச்சர்ட்சனுக்கு அனுப்பியபோது, அவர் கணிதத்தை மட்டும் பார்த்துவிட்டு விடவில்லை. கணினி தந்த வரைபடத்தைத் தன் மனைவி டோரதியிடம் காட்டி, இது மறுநாள் உண்மையில் இருந்த வரைபடத்தை ஒத்திருக்கிறதா, முதல் நாள் வரைபடத்தை ஒத்திருக்கிறதா என்று கேட்டார். எதுவும் மாறாது என்று சும்மா சொல்வதை விட இந்தக் கணக்கு தேறுமா என்பதுதான் சோதனை. சராசரியில் கணினிதான் மேல், ஆனால் சொற்ப வித்தியாசத்தில் என்று டோரதி தீர்ப்பளித்தார். தான் 1922-இல் முடித்த அந்த ஒற்றைத் தவறான விடையோடு பார்த்தால் இது மாபெரும் முன்னேற்றம் என்று ரிச்சர்ட்சன் சார்னிக்குப் பதில் எழுதினார்.

மழைக்கிறுக்கன்:

அப்போ முன்னறிவிப்பைச் சரிபார்த்த முதல் நடுவர் டோரதி. கார்முகில், தலைப்பில் ஒரு பெயர் சேர்க்கணும்.